ஏற்காடு வீட்டில் ஏசி, ஹீட்டர் இரண்டையும் ஒரே தெர்மோஸ்டாட்டில் ஓட்ட முடியுமா?

நாகலூர்_மகள்:
வணக்கம். அப்பாவும் அம்மாவும் நாகலூர் பக்கம் காபித் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய வீட்டில் இருக்கிறார்கள். படுக்கையறையில் ஒன்றரை டன் ஹாட் அண்ட் கோல்ட் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி, ஹாலில் 2000 வாட் ஆயில் ஹீட்டர். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி 13 டிகிரி வரைக்கும் இறங்கிவிடுகிறது, பனிமூட்டமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் 13 இன்னும் மோசம். அப்பாவுக்கு மூட்டுவலி, இளைப்பு. இருட்டில் ரிமோட்டைத் தேடி மோடு மாற்றுவதெல்லாம் அவரால் ஆகவில்லை. ஹீட்டரைப் போட்டால் விடிய விடிய ஓடுகிறது, பில்லுக்குப் பயந்து அணைத்தால் இருவரும் நடுங்குகிறார்கள்.

டாலஸில் இருக்கும் அண்ணன் அங்கே வாங்கிய ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். சுவரில் மாட்டி 21 என்று வைத்துவிட்டால் குளிருக்குச் சூடு, வெயிலுக்குக் குளிர்ச்சி, எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்கிறார். பின்பக்கம் ஆர், சி, டபிள்யூ, ஒய், ஜி, ஓ/பி என்று ஒயர் சொருகும் இடங்கள் இருக்கின்றன. எங்கள் எலக்ட்ரீஷியன் ஆர்-இல் பேஸ், சி-யில் நியூட்ரல் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார், ஞாயிற்றுக்கிழமை வருகிறார். சரியாக வருமா?

அஸ்தம்பட்டி_ஏசி:
கொடுக்கவே கூடாதுங்க. அது 24 வோல்ட் சாமான். நம் லைன் 230 வோல்ட். சொருகிய நொடியில் போர்டு கருகும், சுவரில் மாட்டிய பிளாஸ்டிக் பெட்டி தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. முதலில் அவருக்கு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

சேலத்திலும் ஏற்காட்டிலும் ஏசி வேலைதான் என் பிழைப்பு. அமெரிக்காவிலிருந்து வந்த இந்தப் பெட்டியோடு நிறையப் பேர் கடைக்கு வருகிறார்கள். வோல்ட்டேஜ் ஒரு பிரச்சினை என்றால் அதைவிடப் பெரிய பிரச்சினை உங்கள் ஏசிதான். இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட்டில் உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் நடுவே ஒரு சிக்னல் ஒயர் போகிறது. கம்ப்ரசர் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று இரண்டு போர்டும் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. அந்தத் தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிந்தது ஆன், ஆஃப் என்ற இரண்டு சொல் மட்டும். 24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வாங்கி வைத்தாலும் உங்கள் ஏசியில் அந்த ஒயரைக் கொண்டுபோய்க் கொடுக்க இடமே கிடையாது.

டாலஸ்_தமிழ்:
அஸ்தம்பட்டி அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. உங்கள் அண்ணன் சொல்வதும் இங்கே உள்ள வீட்டுக்குச் சரி, அதனால்தான் குழப்பம். இங்கே வீடு முழுவதற்கும் ஒரே ஏர் ஹேண்ட்லர், அதாவது காற்றைத் தள்ளும் பெரிய பெட்டி, பரணிலோ அலமாரி மாதிரி ஒரு சிறிய அறையிலோ இருக்கும், அதிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் டக்ட் என்ற காற்றுக்குழாய் போகும். அதற்குள்ளேயே ஒரு டிரான்ஸ்பார்மர் கரண்டை 24 வோல்ட்டாகக் குறைக்கிறது. அந்த 24 வோல்ட் ஆர் ஒயரில் தெர்மோஸ்டாட்டுக்கு வரும். சூடு வேண்டுமென்றால் தெர்மோஸ்டாட் ஆர்-ஐ டபிள்யூவோடு சேர்க்கும், குளிர்ச்சி வேண்டுமென்றால் ஒய்யோடு, ஃபேனுக்கு ஜி. ஹீட் பம்ப், அதாவது திசை திருப்பி ஓட்டினால் சூடும் தரும் ஏசி, உள்ள வீட்டில் ஓ/பி என்பது கேஸ் ஓடும் திசையைத் திருப்பும் வால்வுக்கு. பெரும்பாலான கம்பெனிகளில் குளிர்ச்சிக்குத்தான் அந்த வால்வுக்குக் கரண்ட் போக வேண்டும், ஒன்றிரண்டில் தலைகீழாகச் சூட்டுக்குப் போக வேண்டும். செட்டிங்கில் அதை மாற்றி வைத்தால் குளிரில் ஏசியும் வெயிலில் ஹீட்டரும் ஓடும்.

சி என்பது திரும்பிப் போகும் பொது ஒயர். வைஃபை உள்ள தெர்மோஸ்டாட்டுக்கு எந்நேரமும் கரண்ட் வேண்டும், அதற்கு சி கட்டாயம் இருந்தால்தான் நிம்மதி. பழைய வீடுகளில் அந்த ஒயர் இழுத்திருக்க மாட்டார்கள், இங்கே மாட்டும்போது வரும் தலைவலியில் பாதி அதுதான். மொத்தத்தில் அந்தப் பெட்டிக்கு ஏற்காட்டில் வேலை இல்லை. திருப்பி அனுப்பிவிட்டால் இங்கே யாருக்காவது உதவும்.

நாகலூர்_மகள்:
நல்லவேளை கேட்டேன். எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டேன். சரி, அப்படியென்றால் அப்பாவுக்கு என்னதான் வழி? இன்னொன்றும் இருக்கிறது அண்ணா. ஹீட்டிங் மோடில் 24 வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் ஏசி ஓய்ந்துவிடுகிறது. கட்டிலில் படுத்தால் கால் சில்லென்று இருக்கிறது. சர்வீஸுக்கு வந்தவர் கேஸ் கம்மி, நிரப்ப வேண்டும் என்று சொல்லிப் பணம் கேட்டார்.

அஸ்தம்பட்டி_ஏசி:
கேஸ் போட அவசரப்படாதீர்கள். கேஸ் குறைந்திருந்தால் சூடு மந்தமாக வரும், ஏசி ஓயாமல் ஓடும். உங்களுக்கு நேர்மாறாக அல்லவா நடக்கிறது? போதும் என்று நினைத்து அது நின்றுவிடுகிறது.

ஏசிக்குள்ளேயே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கிறது, அதை யாரும் தெர்மோஸ்டாட் என்று நினைப்பதில்லை. உள் யூனிட்டில் ஃபில்டருக்குப் பின்னால், காற்றை இழுக்கும் இடத்தில் ஒரு சின்ன சென்சார். அது பார்ப்பது கூரைக்குக் கீழே உள்ள காற்றை. குளிர்ச்சிக்கு அது பரவாயில்லை, குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்கிவிடும். சூட்டுக்கு அப்படி இல்லை, சூடான காற்று மேலேயே தங்கும். மேலே 26 இருக்கும், கட்டில் உயரத்தில் 19 இருக்கும், சென்சார் 26-ஐப் பார்த்துவிட்டுக் கம்ப்ரசரை ஓய்த்துவிடும். பழைய வீடு என்றால் கூரை உயரம் வேறு. கம்பெனிக்காரர்களும் இதற்காக ஹீட்டிங்கில் சில டிகிரி கழித்துத்தான் கணக்குப் போட்டு வைக்கிறார்கள், ஆனால் எல்லா அறைக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

முதலில் காசில்லாமல் செய்யக்கூடியது. காற்றைத் திருப்பும் இதழை நேராகக் கீழ்நோக்கி வையுங்கள், ஃபேன் வேகத்தை ஆட்டோவிலிருந்து எடுத்து நடுவில் வையுங்கள், ஃபில்டரைக் கழுவுங்கள். கூரையில் மின்விசிறி இருந்தால் ரொம்ப மெதுவாக ஓட விடலாம், மேலே நிற்கும் சூடு கீழே வரும். அப்பாவுக்குக் காற்று படுவது பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ரிமோட்டைப் பாருங்கள். ஐ ஃபீல் என்றோ ஃபாலோ மீ என்றோ ஒரு பட்டன் இருக்கிறதா? அதை அழுத்தினால் ரிமோட்டுக்குள் இருக்கும் சென்சாரை வைத்து ஏசி வேலை செய்யும். ரிமோட் எங்கே இருக்கிறதோ அங்கே உள்ள சூடுதான் கணக்கு. கட்டில் பக்கத்தில், ஏசியின் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி சுவரில் ஒரு தாங்கி அடித்து அதிலேயே வைத்துவிடுங்கள். போர்வைக்கடியில் போனால் கணக்குத் தப்பும். இவ்வளவு செய்தாலே நீங்கள் கேட்ட தெர்மோஸ்டாட் வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடும்.

சுவரில் பெட்டியாகவே வேண்டும் என்றால் ஒயர்டு ரிமோட் என்று கேளுங்கள். சில மாடல்களின் உள் போர்டில் அதற்குக் கனெக்டர் இருக்கும், கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாடல் நம்பரைச் சொன்னால் தெரிந்துவிடும். பெரிய எழுத்து, எப்போதும் ஒரே இடம், வயதானவர்களுக்கு அதுதான் நல்லது.

ஆட்டோ மோடை மட்டும் போடாதீர்கள். ஏற்காட்டில் ஜனவரியில் மத்தியானம் வெயில் அடித்து 24 ஆகும், ராத்திரி 13 ஆகும். அது ஒரு நேரம் குளிர்ச்சி, ஒரு நேரம் சூடு என்று மாறிக்கொண்டே இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஹீட் என்று வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

ஒண்டிக்கடை_விடுதி:
நாங்கள் ஏற்காட்டில் சின்னதாக விடுதி நடத்துகிறோம், அதனால் இந்தக் குளிரோடு தினமும் மல்லுக்கட்டுபவர்கள். ஒன்று சொல்லட்டுமா அக்கா, ஓடு வேய்ந்த வீடாக இருந்தால் தெர்மோஸ்டாட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். கதவுக்கடியில் விரல் நுழையும் சந்து, மூடாத வென்டிலேட்டர், ஜன்னல் பலகை இடுக்கு. அது எல்லாம் திறந்திருந்தால் எந்தக் கருவியும் 21-ஐத் தொடாது, ஹீட்டர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஹால் கதவுக்கு ஒரு ரப்பர் பட்டையும் தடித்த திரையும் போட்டதில் எங்களுக்கு வந்த வித்தியாசம் கண்ணால் பார்க்க முடிந்தது.

ஆனால் கரி அடுப்போ கணப்புச் சட்டியோ உள்ளே கொண்டுவரும் வழக்கம் இருந்தால் சந்துகளை அடைத்துவிட்டு அதை வைக்கவே வைக்காதீர்கள். கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை இருக்காது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலைக்கு வருகிறவர்களிடம் இதைத் தினமும் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கு அறை கொடுப்பதில்லை.

இன்னொன்று, சாயங்காலம் ஆனால் வோல்ட்டேஜ் விழும். லைன் கடைசியில் இருக்கும் தோட்ட வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

தீவன_மூட்டை (நாமக்கல்):
ஹால் ஹீட்டருக்கு நான் சொல்கிறேன். எங்கள் பண்ணையில் குஞ்சு அறைக்கும் அடைகாக்கும் பெட்டிக்கும் எஸ்டிசி-1000 என்ற கண்ட்ரோலர்தான் போடுகிறோம். விலை குறைவு, 230 வோல்ட்டில் நேராக ஓடும், ஒயர் நுனியில் சென்சார் வரும், உள்ளே சூட்டுக்கு ஒரு ரிலே, குளிர்ச்சிக்கு ஒரு ரிலே, ரிலே என்றால் தானாக ஆன், ஆஃப் ஆகும் சின்ன சுவிட்ச். மீன் தொட்டிக்காரர்களும் இதைத்தான் வாங்குவார்கள்.

செட்டிங் நாலுதான். எஃப்1 வேண்டிய டிகிரி. எஃப்2 வித்தியாசம், அதாவது எவ்வளவு இறங்கினால் திரும்ப ஆன் ஆக வேண்டும் என்பது. எஃப்3 கம்ப்ரசருக்கான தாமதம், ஹீட்டருக்கு அது தேவைப்படாது. எஃப்4 சென்சாரின் திருத்தம். எஃப்1-ஐ 20, எஃப்2-ஐ 1 என்று வைத்தால் 19-க்கு இறங்கியதும் ஹீட்டர் ஆன், 20 ஆனதும் ஆஃப். எஃப்2-ஐ 0.3 என்று வைத்தால் டப்பு டப்பென்று அடித்துக்கொண்டே இருக்கும், ரிலே சீக்கிரம் போய்விடும். ஆயில் ஹீட்டர் அணைத்த பிறகும் சூடு விட்டுக்கொண்டிருக்கும், அதனால் 1 டிகிரிக்குக் குறைக்க வேண்டாம்.

ரிலே 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும், கணக்குக்குச் சரி, ஆனால் விடிய விடிய அந்த லோடில் ஓட்டினால் உள்ளே முனை ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது. அதனால் 25 ஆம்பியர் கான்டாக்டர், அதாவது பெரிய லோடைத் தாங்கும் காந்த சுவிட்ச், ஒன்று போட்டு, ரிலே கான்டாக்டரை மட்டும் இழுக்கட்டும், ஹீட்டர் லோடு கான்டாக்டர் வழியாகப் போகட்டும்.

நாகலூர்_மகள்:
இதே பெட்டியின் இன்னொரு ரிலேயில் ஏசியையும் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுமே?

அஸ்தம்பட்டி_ஏசி:
வேண்டவே வேண்டாம்மா. இன்வெர்ட்டர் ஏசிக்கு மெயின் கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கக் கூடாது. ரிமோட்டில் அணைத்தால் அது வால்வை இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து, ஃபேனை ஓடவிட்டு, முறையாக நிற்கும். கரண்டைப் பிடுங்கினால் அதெல்லாம் நடக்காது. கம்ப்ரசர் நின்றதும் உள்ளே இருக்கும் பிரஷர் சமமாக மூன்று நிமிஷமாவது வேண்டும், அதற்குள் ஓட விட்டால் கம்ப்ரசருக்குத்தான் கேடு. ஏசிக்கு அதன் சொந்த ரிமோட், ஹீட்டருக்குத் தனிப் பெட்டி. ஒன்றாக்க ஆசைப்படாதீர்கள்.

ஓய்வுபெற்ற_ஜேஇ:
மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாமக்கல் தம்பி சொன்ன கான்டாக்டர் யோசனை பண்ணைக்குச் சரி, இந்த வீட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வோல்ட்டேஜ் விழும் என்று விடுதிக்காரர் சொல்கிறார். சாதாரண 230 வோல்ட் கான்டாக்டரில் முனைகளை இழுத்துப் பிடிக்கும் காந்தச் சுருளான காயில் சுமார் 195 வோல்ட்டுக்குக் கீழே உறுதியாகப் பிடிக்காது. 190-இல் டர்ரென்று அதிரும், அதிர்ந்தால் முனைகளில் பொறி, பொறியில் முனை உருகி ஒட்டும். எந்த ஆபத்தைத் தவிர்க்கக் கான்டாக்டர் போட்டோமோ அதே ஆபத்து வேறு வழியில் வந்து நிற்கும்.

இதற்கு வழி இருக்கிறது. எஸ்டிசி-1000-க்கும் கான்டாக்டர் காயிலுக்கும் மட்டும் ஒரு சின்ன ஸ்டெபிலைசரிலிருந்து கரண்ட் கொடுங்கள், டிவிக்குப் போடுகிற அளவு போதும். ஹீட்டர் லோடு நேராக லைனிலிருந்து வரட்டும், அதற்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், 190 வோல்ட்டில் அந்த 2000 வாட் ஹீட்டர் தருவது சுமார் 1365 வாட்தான். சாயங்காலம் ஹால் சூடாக நேரமாகிறது என்றால் ஹீட்டரைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

வெட்டுவது பேஸாக இருக்க வேண்டும், நியூட்ரலை வெட்டினால் அணைந்த ஹீட்டரைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம். இரண்டு துருவக் கான்டாக்டர் போட்டு இரண்டையும் வெட்டுவது இன்னும் நல்லது. 16 ஆம்பியர் பாயின்ட், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், லோடு மீறினால் விழும் தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டுக்கு. சேர்வராயன் மலையில் கொஞ்சம் தோண்டினால் பாறை, எர்த் பிட் போட்டேன் என்று சொல்வதை நம்பாமல் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இடி இறங்கும் ஊர். நல்ல எர்த்தும் மெயின் போர்டில் மின்னல் அதிர்வைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரும் இல்லாமல் எலக்ட்ரானிக்ஸ் மாட்டினால் கோடை மழை வந்ததும் எல்லாம் போகும்.

ஹீட்டரில் திருகும் குமிழ் இருக்கிறதா, டிஜிட்டலா? டிஜிட்டல் என்றால் இந்த வேலையே ஆகாது, கரண்ட் போய் வந்ததும் அது ஆஃபிலேயே நிற்கும்.

நாகலூர்_மகள்:
குமிழ்தான் ஐயா. அதை முழுசாகத் திருகி வைத்துவிடலாமா?

ஓய்வுபெற்ற_ஜேஇ:
முழுசாக வேண்டாம்மா. அந்தக் குமிழும் ஒரு தெர்மோஸ்டாட்தான், அதுதான் உங்களுக்கு இரண்டாவது காவல். ஹால் 20 ஆகும்போது அது எந்த இடத்தில் டிக்கென்று அணைகிறது என்று பார்த்து, அதைவிடச் சற்று மேலே நிறுத்துங்கள். சென்சார் ஒயர் எங்காவது விழுந்து குளிர்ந்த தரையில் கிடந்தால் எஸ்டிசி-1000 ஹீட்டரை அணைக்கவே அணைக்காது. அப்போது குமிழ் அணைக்கும். துணி உலர்த்த ஹீட்டர்மேல் போடுவது ஏற்காட்டில் எல்லா வீட்டிலும் நடக்கிறது, அம்மாவிடம் அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_குடும்பம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்குக் கீழே சேலத்தில் நேரெதிர்ப் பிரச்சினை. பழைய ஜன்னல் ஏசி, ஒரு டன், மொட்டைமாடிக்குக் கீழ் அறை. மே மாதத்தில் கட் ஆகவே மாட்டேன் என்கிறது. தெர்மோஸ்டாட் போய்விட்டதா? மகன் 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று குறைந்தபட்சத்துக்குத் திருகி வைக்கிறான்.

அஸ்தம்பட்டி_ஏசி:
குமிழைச் சூட்டுப் பக்கம் கடைசி வரை திருகுங்கள். டிக் சத்தம் கேட்டுக் கம்ப்ரசர் நின்றால் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. நிற்கவில்லை என்றால் முனை ஒட்டிக்கொண்டது, மாற்ற வேண்டும். அதிலிருந்து போகும் மெல்லிய செம்புக் குழாயின் நுனி ஏசியின் குளிரும் காயிலுக்கு முன்னால் கிளிப்பில் இருக்க வேண்டும், காயிலில் பட்டுக்கொண்டிருந்தால் அறை குளிர்வதற்குள்ளேயே அணைந்துவிடும். குழாயில் கேஸ் போய்விட்டால் கம்ப்ரசர் ஓடவே ஓடாது. உங்களுக்கு ஓடுகிறது, ஆகவே பிரச்சினை மாடித் தளம்தான் என்று நினைக்கிறேன். பகல் முழுக்க 40 டிகிரி வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரி பூராவும் கீழே சூடு விடும், ஒரு டன் அதோடு போராடுகிறது. மாடிக்குக் குளிர் ஓடு பதியுங்கள் அல்லது வெள்ளைப் பூச்சாவது அடியுங்கள்.

18 வைத்தால் சீக்கிரம் குளிராது. ஜன்னல் ஏசி ஓடினால் ஒரே வேகம்தான், 24 வைத்தாலும் அதே வேகத்தில்தான் 24-க்கு வரும். 18 வைத்தால் நிறுத்த மறந்து ஓடும், அவ்வளவுதான்.

டாலஸ்_தமிழ்:
இன்வெர்ட்டரில் கொஞ்சம் வித்தியாசம் உண்டே அண்ணா, வித்தியாசம் அதிகமாக இருந்தால் கம்ப்ரசர் வேகம் கூடும் அல்லவா?

அஸ்தம்பட்டி_ஏசி:
கூடும், ஆனால் அறை 34-இல் இருக்கும்போது 24 வைத்தாலே அது முழு வேகத்தில்தான் கிளம்பும். கடைசி இரண்டு டிகிரியில் மட்டும் வித்தியாசம் தெரியும். 2020 ஜனவரி முதல் ஸ்டார் போட்ட ஏசிகள் எல்லாம் ஆன் செய்ததும் 24-இல் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது, ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது.

சூட்டுக்கும் இதையே கேட்டுக்கொள்ளுங்கள் நாகலூர் அம்மா. ஆயில் ஹீட்டர் முழு லோடில் எட்டு மணி நேரம் ஓடினால் 16 யூனிட். ஏசி அதே சூட்டைத் தர ஏறக்குறைய 5 யூனிட்தான் எடுக்கும், ஏனென்றால் அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளியே இருக்கும் காற்றிலிருந்து இழுத்து உள்ளே கொண்டுவருகிறது. 13 டிகிரிக் காற்றில் எடுக்கச் சூடு தாராளமாக இருக்கிறது. ராத்திரிக்குப் படுக்கையறையில் ஏசி, சாயங்காலம் உட்கார்ந்து பேச மட்டும் ஹாலில் ஹீட்டர் என்று பழக்குங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே வேறாகிவிடும்.

நாகலூர்_மகள்:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். ரிமோட்டில் ஐ ஃபீல் பட்டன் இருக்கிறது, இத்தனை வருஷமாக யாரும் தொடவில்லை. ஹாலுக்கு எஸ்டிசி-1000, கான்டாக்டர், சின்ன ஸ்டெபிலைசர் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு, சேலத்திலிருந்து லைசென்ஸ் உள்ள ஒருவரை அழைத்துப்போய் மாட்டச் சொல்லப்போகிறேன், எர்த்தும் அளக்கச் சொல்வேன். அண்ணனிடமும் பேசிவிட்டேன், அந்தப் பெட்டி அடுத்த முறை வரும்போது திரும்பப் போகிறது. கடைசியாக ஒன்று, ஹால் சென்சாரை எங்கே வைப்பது? அப்பா உட்காரும் சாய்வு நாற்காலி ஜன்னல் பக்கம், ஹீட்டர் எதிர்ச் சுவரில்.

தீவன_மூட்டை (நாமக்கல்):
ஜன்னல் சுவரில் வேண்டாம், வெளிச்சுவர் ராத்திரி சில்லென்றாகும், பகலில் வெயில் படும். ஹீட்டருக்கு மேலேயும் வேண்டாம். இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள உள்சுவரில், நாற்காலிக்குப் பக்கமாக, தரையிலிருந்து நாலரை அடி, ஐந்தடிக்குள். அப்பா உட்கார்ந்தே இருப்பவர் என்றால் நாலடிக்கு இறக்கலாம். சுவரில் ஒட்டாமல் ஒரு சின்ன மரக்கட்டைமேல் நுனி காற்றில் நிற்கும்படி. ஒயர் வரும் துளையை மெழுகோ சிலிக்கானோ வைத்து அடைத்துவிடுங்கள், சுவருக்குள்ளிருந்து வரும் குளிர்காற்று சென்சாரை ஏமாற்றும். பக்கத்தில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை அரைமணி நேரம் தொங்கவிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். சென்சார் ஒன்றரை டிகிரி அதிகம் காட்டினால் எஃப்4-இல் மைனஸ் 1.5 போடுங்கள்.

ஓய்வுபெற்ற_ஜேஇ:
நல்ல இடம்தான். அந்த ஒயரை ஹீட்டர் ஒயரோடு ஒரே குழாயில் இழுக்க வேண்டாம், தனிக் குழாய். பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு படம் வரைந்து ஒட்டச் சொல்லுங்கள், அடுத்து வரும் எலக்ட்ரீஷியன் வேறு ஆளாக இருப்பார்.